ஒற்றைக் காதோடு ஓர் இறக்கம்

விமானத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவன் விமானத்தில் ஏறாதவனாகத்தான் இருப்பான். நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த அந்த வருஷங்களில் கோட்டாற்றுக் கடைத்தெருவில் விமானம் ஏறியவன் ஒருத்தனும் கிடையாது. ஆகவே பேச்சுக்குக் குறைவே இல்லை. தமிழ்நாட்டோடு சேருவதா வேண்டாமா என்ற பேச்சு ஓய்ந்த இடைவேளைகளில் விமானப் பேச்சு நடக்கும். இரண்டுக்கும் ஒரே ஆட்கள், ஒரே தொண்டை.

நான் அப்போது அங்கே ஒரு கயிற்றுக்கடையில் நின்றேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை அன்று காலையில் வயிறு கலங்கிப் படுத்தவன், வயிறு சரியான பிறகும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். கிணற்றுக் கயிறு, வண்டிக் கயிறு, வள்ளத்துக்கு வடம் என்று முழம் போட்டு அளந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. கவலைப்படுகிற சுபாவம் உள்ளவன் கயிறு விற்கக் கூடாது. நான் கொடுத்த கயிற்றில் இந்த நேரம் எந்தக் கிணற்றில் எவன் தொங்குகிறானோ என்று மத்தியானம் நினைப்பு வந்துவிட்டால் சோறு தொண்டைக்குள் இறங்காது.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அத்தான் அந்தக் கடிதத்தை எழுதினார்.

அத்தான் என்றால் அக்காவின் மாப்பிள்ளை. மதராஸில் ஒரு விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா. ஆனால் அவருடைய கடிதங்களைப் படித்தால், காலையில் அவர் போய்க் கையைக் காட்டினால்தான் விமானங்கள் கிளம்பும் என்று தோன்றும். "நேற்று நாங்கள் கல்கத்தாவுக்கு ஒரு விமானம் விட்டோம்" என்று எழுதுவார். நாங்கள் விட்டோமாம். பட்டம் விடுகிற மாதிரி.

அக்காவுக்கு வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. சீழ் வடிந்து வடிந்து, வைத்தியர்கள் ஊற்றிய எண்ணெயெல்லாம் குடித்து, ஒரு நாள் பொட்டென்று அடைத்துக்கொண்டது. பிறகு எல்லாமே இடது காதுதான். அவளோடு நடக்கிறவர்கள் இடது பக்கமாக நடக்க வேண்டும். அந்த ஒரே காதிலும் சீழ் வைத்து, மதராஸில் அறுத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். உடம்பு தேற அம்மாவிடம் வருவதாக ஏற்பாடு. ரயிலில் திருநெல்வேலி வந்து பஸ் ஏறினால் காரியம் முடிந்தது. உலகமே அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு அது போதவில்லை. கம்பெனியில் இலவச பாஸ் கிடைக்கிறது, எங்கள் ஆபீஸில் யார் வீட்டுப் பெண்ணும் ரயிலில் போவதில்லை, உன் அக்கா திருவனந்தபுரத்துக்கு ஆகாய மார்க்கமாக வருகிறாள் என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இப்படி ஒரு வரி: "விமானம் ஏறும்போது மோசம் இல்லை, இறங்கும்போது மட்டும் வேகமாக இறங்கினால் செவிப்பறைக்கு ஆபத்து, பைய இறங்கினால் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். நீ கவலைப்பட வேண்டாம்."

கவலைப்பட வேண்டாம் என்று எழுதுகிறவனுக்கு ஒரு தண்டனை இருக்க வேண்டும். அவன் இரண்டு நொடியில் எழுதிவிட்டு மை காயும் முன் மறந்துவிடுகிறான். வாசித்தவன் படுகிற பாடு அவனுக்கு எங்கே தெரியும். அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இறங்கு என்று சொன்னால் விமானம் எவ்வளவு வேகத்தில் இறங்கும்? ஐயாயிரம் அடி என்று எங்கோ கேட்டிருந்தேன். கடையில் இருந்த கிணற்றுக் கயிறு முழுவதையும் ஒன்றோடொன்று முடிந்தால்கூட ஐயாயிரம் அடி வராது. இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அந்த விமானம் வழியில் இரண்டு ஊரில் இறங்கி ஏறி வரும். ஆக ஒரு காதுக்கு மூன்று இறக்கம்.

கடைக்கு எதிரே சாயாக்கடை. அதில் தினமும் காலையில் ஒரு பட்டாளத்தார் உட்கார்ந்திருப்பார். யுத்த காலத்தில் விமானப்படையில் இருந்தவர். அவர் இருந்தது துணி வெளுக்கும் டிப்போவில் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விமானச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்கள். நானும் போனேன்.

"அண்ணாச்சி, ஏரோப்ளேன் பைய இறங்குமா, சடார்னு இறங்குமா?"

"எதுக்குல கேக்கே?"

அக்காவின் காது விவரத்தைச் சொன்னேன். அவர் சாயாவை ஆற்றி, ஒரு மிடறு குடித்து, கிளாஸை வைத்தார். தெரியாத விஷயத்தைச் சொல்வதற்கு முன் மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் நிதானம் அது.

"பையவா. லே மக்கா, அது என்ன உனக்க கடைக் கயிறா, கொஞ்சங்கொஞ்சமா விடுததுக்கு? கீழ டவர்னு ஒண்ணு உண்டு. அதுல ஒரு ஆப்பீசர் இருப்பான். அவன் இறங்குன்னு சொன்னா அடுத்த மூச்சுல இறங்கியிருக்கணும். ஆர்டராக்கும்."

"அஞ்சாயிரம் அடியில இருந்தா?"

"அம்பதாயிரம் அடியில இருந்தாலும் ஆர்டர் ஆர்டர்தான். எஞ்சினை அணைச்சு மூக்கைக் கீழ குத்திருவான். நம்ம பஸ்சுக்காரன் தக்கலை இறக்கத்துல எண்ணெ மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடுதாம்லா, அந்த மாதிரி. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்க வருததைப் பாத்திருக்கியா? அதுதான் லேண்டிங்கு."

சாயா அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "அண்ணாச்சி அப்பிடி எத்தன தடவ குத்தியிருக்கும்? சோப்புத் தண்ணிக்குள்ளயா?"

"நீ சாயாவ அடி. லே, உள்ள இருக்கவனுக்குக் காது போகுமேன்னு பைலட்டு பாப்பானா? நாமதான் அடச்சிக்கிடணும். திற்பரப்பு அருவியில நிக்கதுக்கு முந்தி மெழுகுப்பஞ்சு வைக்கம்லா? அதே வேலதான். தண்ணி வந்து அடிக்குத மாதிரி காத்து வந்து அடிக்கும். அடச்சிரு, முடிஞ்சு போச்சு."

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அவர் மேல் மட்டும் இல்லை. அவர் துணி வெளுத்தவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. நான் கயிறு விற்றவன். கிணறு வெட்டுகிறவனைக் கயிற்றில் எப்படி இறக்குவார்கள் என்று தினமும் கேட்டுக் கொண்டிருந்தவன். எனக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவனுக்குப் பதில்தான் வேண்டும், சரியான பதில் வேண்டும் என்பதில்லை. எவன் உரக்கச் சொல்கிறானோ அவன் மடியில் போய் விழுவான்.

எங்கள் பக்கத்தில் காதில் கோளாறு உள்ளவர்கள் திற்பரப்பில் குளிக்கப் போனால் ஒரு பக்குவம் செய்வார்கள். மார்த்தாண்டம் தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் போட்டு உருக்கி, பஞ்சில் தோய்த்து, சூடு ஆறும் முன் உருட்டிக் காதில் அழுத்திவிடுவார்கள். மெழுகு காதின் வடிவத்துக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அக்காவே சின்ன வயதில் அப்படி வைத்துக்கொண்டு அருவிக்குள் நின்றிருக்கிறாள். நான் மூன்று இறக்கத்துக்கு மூன்று, தவறினால் வைக்க மூன்று என்று ஆறு மெழுகுப்பஞ்சு உருட்டி, ஒரு தகர டப்பாவில் வாழைச்சருகு வைத்து அடுக்கி, மதராஸுக்குப் பார்சல் அனுப்பினேன். கூடவே கடிதம்: "இறக்கம் தொடங்கியதும் கையால் சூடுபடுத்தி நன்றாக அழுத்தி அடைத்துக்கொள். காற்று ஒரு பொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது." கையெழுத்து நன்றாக வர வேண்டும் என்று இரண்டு தடவை எழுதினேன். முட்டாள்தனத்தைக்கூட அழகாக எழுதி அனுப்ப வேண்டும் என்ற ஆசை.

அக்கா வரும் நாளில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். லீவு கேட்டதற்கு முதலாளி, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரருக்குக் கொடுக்க ஒரு சுருள் கயிற்றைத் தலையில் கட்டிவிட்டார். கடைக்காரர் கடை திறக்கவில்லை. ஆகவே கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டே கடற்கரைப் பக்கம் இருந்த விமானத்தாவளத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு தீர்மானம் மனதில் முற்றிக்கொண்டு வந்தது. இறங்கு என்று சொல்கிறவன் டவரில் இருக்கிறவன்தானே, அவன் காலில் விழுந்தாவது பைய இறங்கு என்று சொல்ல வைக்க வேண்டும்.

வாசலில் நின்ற காவல்காரன் என் தோளைப் பார்த்தான். "கொடிமரத்துக்குக் கயிறா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். மேலே போகச் சொன்னான். ஒரு சுருள் கயிறு இருந்தால் இந்த நாட்டில் எங்கேயும் ஏறிவிடலாம்.

மேலே கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதில் காதில் கறுப்பு வளையம் மாட்டிக்கொண்டு ஓர் ஆப்பீசர். பேச்சைக் கேட்டதும் தக்கலைக்கு மேற்கே உள்ள ஆள் என்று தெரிந்துவிட்டது.

"ஆரு வேணும்?"

"சார், மதராஸ் பிளேன்ல எனக்க அக்கா..."

"கீழ போய் நில்லும் வே. இது காட்சி பங்களா இல்ல, வேடிக்கை பாக்க."

"நாகர்கோவில்ல இருந்து வாறேன் சார்."

"நாகர்கோவில்ல இருந்து வந்தா? நான் எழும்பி நிக்கணுமா?"

நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லாததால் நின்றேன் என்பதுதான் உண்மை. கீழே போய் நின்றால் காவல்காரன் கயிறு எங்கே கட்டினாய் என்று கேட்பான். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரே காது, அறுத்த காது, பருந்து, நியூட்ரல், ஆர்டர் எல்லாம். கேட்கக் கேட்க அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போனது.

"எஞ்சினை அணைப்பானா? இத உமக்குச் சொன்னது ஆரு?"

"ஏர் போர்ஸ்ல இருந்தவரு சார்."

"என்ன வேலையில?"

நான் கயிற்றுச் சுருளை மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பட்டாளத்தார்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள் போல.

"கேட்டுக்கிடும். நான் சொல்லுகது எந்த உயரத்துக்கு வரணும்னு மட்டும். ரெண்டாயிரம் அடிக்கு இறங்குன்னு சொல்லுவேன். அவன் சரின்னு சொல்லி உடனே இறக்கத்தைத் தொடங்கணும். ஏன்னா அவன் விட்டுட்டு வாற உயரத்தை நான் வேற ஒருத்தனுக்குக் கொடுப்பேன். சரின்னு சொல்லிட்டு அங்கயே கிடந்தான்னா ரெண்டு பேரும் முட்டிக்கிடுவான். மனசிலாச்சா?"

"ஆச்சு சார். எவ்வளவு வேகமா?"

"அது அவனுக்க கையில. வண்டிக்கு ஏத்த மாதிரி மேல தாராளமா வருவான். சொன்ன உயரத்துக்கு ஒரு ஆயிரம் அடி பாக்கி உள்ளப்பம் பையப் பிடிப்பான். இல்லேன்னா தாண்டிப் போயிருவான். இந்த வண்டியில ஆளுக இருந்தா எப்பவுமே நிமிஷத்துக்கு முந்நூறு, ஐந்நூறு அடிதான். அதுக்கு மேல போனா பிள்ளையளு காது வலிச்சுக் கரைஞ்சே கொன்னுரும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கிணற்றுக்குள் ஆளை இறக்குகிறவன் வேறு என்ன செய்கிறான்? இறக்கு என்றதும் கயிற்றை விடத் தொடங்குவான். மேல் பாதியில் தாராளமாக விடுவான். தரை நெருங்கும்போது விரல் விரலாக விடுவான். இது என் தொழில். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வெளுப்பு டிப்போவுக்குப் போய்விட்டுத் திருவனந்தபுரம் வந்திருக்கிறேன்.

ஆனால் கவலைப்படுகிறவன் நல்ல பதிலோடு திரும்பிப் போகிற ரகம் இல்லை. "சார், அந்த ஐந்நூறு அடின்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க."

"நான் சொல்ல மாட்டேன். வண்டியை ஓட்டுகது அவன்."

அப்போது அவர் காது வளையத்தில் கரகரவென்று சத்தம் வந்தது. எதிரே இருந்த பெட்டியிலும் கேட்டது. மதராஸ் விமானம்தான். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து கடல் பக்கம் பார்த்தார். மேற்கே மழை கறுத்து வந்துகொண்டிருந்தது. பயிற்சிக்குப் போயிருந்த ஒரு சின்ன விமானமும் மழைக்கு முன் இறங்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் உட்கார்ந்து பேசினார். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு வார்த்தை புரிந்தது. குயிக். எட்டாம் வகுப்பு வரை படித்ததில் மிச்சம் இருந்த வார்த்தைகளில் அது ஒன்று. வாத்தியார் பிரம்பை எடுத்துக்கொண்டு சொல்லுவார்.

"சார், வேகமா இறங்கச் சொன்னியளா?"

"மிண்டாதேயும். வாயை மூடும் வே."

"சார், ஒரு காதுதான் சார்..." என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் சட்டையை நான் வாழ்க்கையில் பிடித்தது அந்த ஒரு தடவைதான். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பெட்டியில் பைலட்டின் குரல் நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னது. ஆப்பீசர் ஒரு சீட்டில் கிறுக்கினார். இரண்டு வார்த்தை பதில் சொன்னார். பிறகு வேறு யாரிடமோ பேசினார். எல்லாம் முடிந்த பிறகு வளையத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்க அக்கா கொள்ளாமே வே. கெட்டிக்காரிதான்."

"என்ன சார்?"

"வேகமா இறங்க முடியாதுன்னு பைலட் சொல்லுகான். காது ஆப்பரேஷன் கழிஞ்ச பொம்பள ஒண்ணு உண்டாம். நிமிஷத்துக்கு ஐந்நூறு அடிக்கு மேல இறக்க மாட்டானாம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? சின்ன வண்டியை முந்தி இறங்கச் சொல்லிட்டேன்."

"ஆர்டர் இல்லியா சார் அது?"

"ஆர்டர்தான். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுகதுக்கு அவனுக்கு அதிகாரம் உண்டு. உடனே சொல்லணும், அவ்வளவுதான். வாயில சரின்னு சொல்லிட்டுப் பைய வந்தான்னு வையும், அது குத்தம். அதுக்கு அவன் தொப்பியக் கழத்திருவேன்."

எங்கள் ஊரில் நடப்பது முழுக்க அந்தக் குற்றம்தான். "இன்னா வந்தாச்சு" என்பான், குளித்துக்கொண்டிருப்பான். "நாளைக்குக் காலையில கயிறு வந்துரும்" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், தென்னை நாரே வந்து சேராதபோது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. சரி என்று சொல்லிவிட்டு இழுத்தடிப்பது மரியாதை. என் அத்தானிடம் ரயில் போதும் என்று ஒருத்தராவது எழுதினோமா? அம்மா சரி என்றாள், நான் சரி என்று எழுதினேன். எழுதிவிட்டு அடைப்பான் உருட்டினேன். நாஞ்சில் நாட்டுக்காரனை விமானம் ஓட்ட விட்டால் ஆகாயத்தில் தினம் ஒரு முட்டல் நடக்கும். கீழே இரண்டு குடும்பமும், அவன் சரின்னுதானே சொன்னான் என்று பேசிக்கொண்டிருக்கும்.

சின்ன விமானம் முதலில் வந்து தத்தித் தத்தி நின்றது. மழையின் முதல் தூற்றல் கண்ணாடியில் விழும்போது மதராஸ் விமானம் தெரிந்தது. அது பருந்து மாதிரி வரவில்லை. அவசரமே இல்லாமல், நீளமாகச் சாய்ந்து, வந்துகொண்டே இருந்தது. என் பொறுமைக்கு அது ரொம்ப மெதுவாகவே இருந்தது. வேகமாக வந்துவிடுமோ என்று பயந்தவனுக்கு இப்போது மழை முந்திவிடுமோ என்று பயம். என்னைப் போன்றவர்களைத் திருப்தி செய்ய ஒரு வேகமும் கிடையாது.

தரை தொட்டதும் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அக்கா ஏணியில் இறங்கி வந்தாள். இடது காதின் மேல் கைக்குட்டையை வைத்திருந்தாள். நான் இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"அக்கா, கேக்குதா?"

அவள் என் வாயைப் பார்த்தாள். "என்ன?"

"காது கேக்குதான்னு கேட்டேன்."

"எட்டு ஊருக்குக் கேக்கும். ஏன்லே கத்துதே?" என்றாள். பிறகு, "தண்ணிக்குள்ள இருந்து கேக்குத மாதிரி இருக்கு" என்றாள்.

"வேகமா இறக்கிட்டானா?"

"அவன் நல்லாத்தான் இறக்கினான்." கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே என் மெழுகுப்பஞ்சு ஒன்று. நுனியில் ரத்தம். "இதாக்கும் செஞ்ச வேல."

நடந்ததை மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள். முதல் ஊரில் இறங்கும்போது என் கடிதத்தில் எழுதியிருந்த மாதிரியே சூடுபடுத்தி, காற்று போகாமல் அழுத்தி அடைத்திருக்கிறாள். விமானம் பையத்தான் இறங்கியது. ஆனால் இறங்க இறங்கக் காதுக்குள் யாரோ பறையைப் பிடித்து வெளியே இழுக்கிற மாதிரி வலி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், தம்பி சொன்னானே என்று. தாங்க முடியாமல் பிடுங்கியபோது ரத்தம். விமானத்தில் உபசரிக்கிற பெண் பார்த்துவிட்டு, இதை வைத்தது யார் என்று திட்டி, ஒரு மிட்டாயைக் கொடுத்து எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு என்றாளாம். அப்போதுதான் அக்கா சொல்லியிருக்கிறாள், இனி வேகமாக இறங்கினால் என்னால் முடியாது, ஓட்டுகிறவரிடம் சொல்லு என்று. அந்தப் பெண் போய்ச் சொன்னாள். பைலட் சரி என்றான். அவ்வளவுதான் நடந்தது. ஆகாயத்தில் மூன்று பேர் இரண்டு வாக்கியத்தில் முடித்த காரியத்துக்கு நான் தரையில் ஒரு மாதம் சோறு தின்னவில்லை.

மறுநாள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகுநேரம் காதுக்குள் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். பறை கிழியவில்லை, ஆனால் அதன்மேல் ரத்தக் கொப்புளம் கட்டியிருக்கிறது என்றார். உள்பக்கம் காற்று சரியாகிவிட்டது, வெளிப்பக்கம் அடைப்பானுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காற்று சரியாகவில்லை, அதனால் பறை வெளியே இழுபட்டிருக்கிறது என்று விளக்கினார். கொப்புளம் தானாக வற்ற ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் காது எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும்.

"மெழுகு வைக்கச் சொன்னது யாரு?" என்றார்.

ஒரு பட்டாளத்தார் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். உருக்கி, உருட்டி, இரண்டு தடவை கடிதம் எழுதியவன் அந்த நொடியில் ஒரு வண்ணான் டிப்போவின் பின்னால் ஒளியப் பார்த்தான்.

அதற்குள் அக்கா சொன்னாள்: "நானாத்தான் வச்சேன் டாக்டர்."

வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்னைச் சொன்னா டாக்டர் ரெண்டு வார்த்த பேசுவாரு. நீ அதை நெனச்சு நெனச்சு ஒரு மாசம் பட்டினி கிடப்பே. எனக்குக் காது ஆறுத வரைக்கும் உனக்க மூஞ்சையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது மக்கா."

அந்த ஒரு மாதத்தில் பட்டாளத்தார் தினமும் விசாரித்தார். பறை கிழியவில்லை என்று தெரிந்ததும் சாயாக்கடை முழுக்கக் கேட்கும்படி, "பாத்தியா, அடச்சதுனாலதான் தப்பிச்சா" என்றார். நான், "இல்ல அண்ணாச்சி, அடச்சதுனாலதான் ரத்தம் வந்துது" என்றேன். பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று அதுவரை நான் சொன்னதே கிடையாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டாங்கிளாஸ் பாஸாகாதவன்கிட்ட என்ன பேச" என்று சொல்லி சாயாவை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். நஷ்டமில்லை.

மாதம் முடிந்தது. கொப்புளம் வற்றிவிட்டதாக டாக்டர் சொன்னார். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னார். அவள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒருவர் பத்தடி தள்ளி நின்று மெதுவான குரலில் பேச வேண்டும். என்ன கேட்டது என்று அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பின்பக்கத்துக் கிணற்றடியில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அம்மா பார்க்கப் பயந்துகொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பத்தடியைக் கையால் முழம் போட்டு அளந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லி அவள் திரும்பவே இல்லையென்றால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. கடைசியில் தொண்டையில் இருந்தது தானாக வந்தது.

"அத்தான் ஒரு மடையன்" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

அக்கா அசையவில்லை. ஒரு காகம் கரைந்தது. நான் கிணற்றுத் துலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அது காது கேக்காதவளுக்கும் தெரியும்லே" என்றாள் அவள், திரும்பாமலே.

அந்த வாரமே அத்தானிடமிருந்து திரும்பிப் போவதற்கும் ஒரு இலவச பாஸ் வந்தது. அக்கா அதை மடித்து ஒரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். கூட என்ன எழுதினாய் என்று கேட்டேன். முடியாது என்று எழுதினேன் என்றாள். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் நான்தான் கொண்டுபோய் ரயிலேற்றினேன். இடது பக்கமாக உட்கார்ந்து.